மிசிசிப்பி 2-ஆவது தொகுதி: நிலமும் தேர்தல் வரலாறும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் மிசிசிப்பி மாநிலத்துக்கு 4 இடங்கள். அவற்றில் 2-ஆவது தொகுதியில் மட்டும்தான் கருப்பினத்தவர் பெரும்பான்மை. 2021 ஜனவரி 6-இல் நாடாளுமன்றக் கட்டடத்தின்மீது நடந்த தாக்குதலை விசாரித்த குழுவின் தலைவர் பென்னி தாம்சன் இந்தத் தொகுதி உறுப்பினர் என்பதால் பெயர் பலருக்கும் பரிச்சயம். தொகுதியைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. ('காங்கிரஸ்' என்று எழுதினால் நம்மூர்க் கட்சி நினைவுக்கு வந்துவிடும் என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறோம்.)

தொகுதி எங்கே இருக்கிறது?

மாநிலத்தின் மேற்கு ஓரம் முழுக்க. வடக்கே டென்னசி எல்லைக்கு அருகிலுள்ள டுனிக்காவில் தொடங்கி, கிளார்க்ஸ்டேல், கிரீன்வில், விக்ஸ்பர்க், நாச்சஸ் என்று மிசிசிப்பி ஆற்றைப் பிடித்துக்கொண்டே லூசியானா எல்லை வரை இறங்குகிறது. ஆற்றுக்கு மேற்கே ஆர்கன்சாவும் லூசியானாவும். நடுவில் கிழக்குப் பக்கம் ஒரு கை நீண்டு தலைநகர் ஜாக்சனின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாநிலத்தின் ஒரே பெரிய கருப்பின நகரமும், மாநிலத்திலேயே மக்கள்தொகை குறைந்த கவுண்டியும் (இசாக்வீனா: 2020 கணக்கெடுப்பில் 1,338 பேர்) ஒரே தொகுதியில் இருக்கின்றன. கவுண்டி என்பதை மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவில் நம்முடைய தாலுகாவை ஒத்தது. வாக்காளர் பதிவும் வாக்கு எண்ணிக்கையும் கவுண்டி கையில்தான்.

'டெல்டா' என்றால் காவிரி டெல்டா மாதிரி கழிமுகமா?

இல்லை. காவிரி டெல்டா கடலைத் தொடுகிறது. 'மிசிசிப்பி டெல்டா' என்று அந்த மாநிலத்தார் சொல்வது கடலிலிருந்து வெகு உள்ளே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வண்டல் சமவெளி. டென்னசியின் மெம்பிஸ் நகரத்துக்குத் தெற்கே தொடங்கி விக்ஸ்பர்க்கில் முடிகிறது. நீளம் சுமார் 320 கிலோமீட்டர். ஆறு உண்மையில் கடலில் கலக்கும் கழிமுகம் லூசியானாவில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தொகுதியின் வரைபடமே புரியாது.

மேசை போல் தட்டையான கரிசல். 1927 ஏப்ரலில் கிரீன்வில்லுக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைந்தபோது தண்ணீர் டெல்டா முழுக்கப் பரவியதற்கு அந்தத் தட்டைதான் காரணம். முன்பு பருத்தி மட்டும். இப்போது சோயாவும் மக்காச்சோளமும், பெல்சோனி பக்கம் கெளுத்தி மீன் பண்ணைக் குளங்களும்.

அங்கே மட்டும் ஏன் கருப்பினத்தவர் பெரும்பான்மை?

இரண்டு அலைகள். நாச்சஸ், விக்ஸ்பர்க் போன்ற பழைய ஆற்றோரக் கவுண்டிகளில் அடிமை உழைப்பில் பருத்தி விளைந்தது. டெல்டாவின் உட்பகுதியோ உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் பெரும்பாலும் சதுப்பும் காடும். அதை வெட்டித் திருத்தி, கரை கட்டி, ரயில் பாதை போட்டதில் விடுதலை பெற்ற கருப்பினத்தவரின் உழைப்பே முதன்மையானது. நிலம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் குத்தகை வாரத்திலும் கடனிலும் சிக்கினார்கள். 1944-இல் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் விதைப்பு முதல் அறுவடை வரை எந்திரத்தாலேயே பருத்தி விளைவித்துக் காட்டினார்கள். அதன் பிறகு ஆள் தேவையில்லை. சிகாகோ போகும் ரயிலில் கூட்டம் கூடியது. பிழைப்புக்காக வெளியேறும் அந்தப் போக்கு இன்னும் நிற்கவில்லை. தொகுதியின் எல்லைக்கோடு ஏன் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இது நம்மூர் 'தனித் தொகுதி' போன்றதா?

இல்லை, இதில்தான் தமிழ் வாசகர்கள் அதிகம் தவறுகிறார்கள். தனித் தொகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மட்டுமே போட்டியிட முடியும். அமெரிக்காவில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. யார் வேண்டுமானாலும் நிற்கலாம், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். பக்கத்திலேயே மெம்பிஸ் நகரத்தைக் கொண்ட டென்னசி 9-ஆவது தொகுதியும் கருப்பினப் பெரும்பான்மைத் தொகுதியாகவே இருந்துவந்தது. அங்கே 2007 முதல் உறுப்பினராக இருப்பவர் ஸ்டீவ் கோஹென் என்ற வெள்ளையர்.

வாக்குரிமைச் சட்டம் கேட்டுவந்தது வேறு. சிறுபான்மையினர் ஓரிடத்தில் நெருக்கமாக வாழ்ந்து, ஒரே மாதிரி வாக்களித்து, அவர்கள் விரும்பும் வேட்பாளரைப் பெரும்பான்மையினர் ஒன்று திரண்டு தோற்கடித்துக்கொண்டே இருந்தால், அந்த வாக்குகளைச் சிதறடிக்கும்படி கோடு போடக்கூடாது. உச்ச நீதிமன்றம் 1986-இல் வகுத்த மூன்று நிபந்தனைகளின் சாரம் இது. எதிர்முனையில், 1993-இல் வடக்கு கரோலைனாவில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாம்பாக நெளிந்த தொகுதியைப் பார்த்துவிட்டு, இனத்தை மட்டும் வைத்துக் கோடு இழுப்பதையும் கேள்விக்கு உட்படுத்தலாம் என்றது அதே நீதிமன்றம். இரண்டுக்கும் நடுவில்தான் வரைபடக்காரர்கள் பென்சிலைப் பிடிக்க வேண்டும்.

மிசிசிப்பியிலிருந்து கீழவைக்குப் போன முதல் கருப்பினத்தவர் பென்னி தாம்சனா?

அவருக்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே ஜான் ராய் லிஞ்ச். நாச்சஸில் அடிமையாக வளர்ந்தவர். விடுதலைக்குப் பிறகு புகைப்பட நிலையம் நடத்தி, சட்டமன்றத்துக்குப் போய், அதன் சபாநாயகராகி, 1873-இல் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். அப்போது மாநிலத்தில் பதிவு பெற்ற வாக்காளர்களில் கருப்பினத்தவரே அதிகம்.

1875-இல் வன்முறையின் துணையோடு ஆட்சியைப் பிடித்த ஜனநாயகக் கட்சியினர் கையில் எடுத்த முதல் ஆயுதங்களில் ஒன்று தொகுதி மறுவரையறை. கருப்பின வாக்குகளை எல்லாம் ஆற்றோரமாக ஒரே தொகுதியில் திணித்தார்கள். மாநிலத்தின் தலை முதல் கால் வரை நாடாவாக நீண்ட அதற்கு 'ஷூ கயிறு தொகுதி' என்று பெயர். இன்றைய 2-ஆவது தொகுதியின் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் மேற்கு ஓரம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். பிற தொகுதிகளை வெள்ளையருக்கு உறுதிப்படுத்த வரைந்த வடிவம் அது.

அந்த ஒரு தொகுதியையும் விட்டுவைக்கவில்லை. 1880 தேர்தலில் லிஞ்ச் தோற்றதாக அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் வாக்குச் சீட்டைக் கட்சிகளே அச்சடித்துத் தரும். சீட்டில் அடையாளக் குறி எதுவும் இருக்கக்கூடாது என்பது மாநிலச் சட்டம். விக்ஸ்பர்க் இருக்கும் வாரன் கவுண்டியில் லிஞ்சின் சீட்டுகளில் பதவிப் பெயர்களைப் பிரிக்க அச்சுக்கோப்பவர் சிறு கோடுகள் போட்டிருந்தார். எந்த அச்சகத்திலும் சாதாரணமாகப் போடுகிற கோடு. அதையே 'அடையாளக் குறி' என்று சொல்லிச் சீட்டுகளைத் தள்ளுபடி செய்தார்கள். லிஞ்ச் சபையிடம் முறையிட்டார். 1882 ஏப்ரலில் சபை அவருக்கே இடத்தைக் கொடுத்தது. அடுத்த தேர்தலிலேயே பதவி போனது. மாநிலத்திலிருந்து இன்னொரு கருப்பினத்தவர் கீழவைக்குப் போக 1987 ஆயிற்று.

நூறு ஆண்டு இடைவெளி எப்படி வந்தது?

1890 மாநில அரசியலமைப்பு. இனத்தின் பெயரை எங்கும் சொல்லாமலே வேலையை முடித்தது: 2 டாலர் தலைவரி; அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படித்தோ கேட்டோ பதிவு அதிகாரி திருப்திப்படும்படி விளக்கம் சொல்லும் தேர்வு; சில குற்றங்களுக்கு வாக்குரிமைப் பறிப்பு. பதிவு அதிகாரி யார், அவர் எப்போது திருப்திப்படுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதை வகுத்த மாநாட்டில் இருந்த ஒரே கருப்பின உறுப்பினர் ஐசயா மான்ட்கமரி, டெல்டாவில் மவுண்ட் பாயு என்ற கருப்பினத்தவர் ஊரை நிறுவியவர். அவரும் ஆதரித்தே வாக்களித்தார். அது சமரசமா சரணாகதியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

1964-இல்கூட மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கருப்பினத்தவரில் பட்டியலில் இருந்தவர்கள் 6.7 சதவீதம்தான். சன்ஃப்ளவர் கவுண்டியின் பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர் 1962-இல் இண்டியனோலாவுக்குப் போய்ப் பதிவு செய்ய முயன்ற அன்றே பண்ணையை விட்டு வெளியேற்றப்பட்டார். இரண்டு ஆண்டில் அவரே அன்றைய 2-ஆவது தொகுதியில் (கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும்) உட்கட்சித் தேர்தல் வேட்பாளர்.

1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு உடனே ஏன் வெற்றி இல்லை?

பட்டியல் திறந்தது, கோடு மாறியது. சட்டம் வந்த இரண்டே ஆண்டில் கருப்பினப் பதிவு 60 சதவீதத்தை நெருங்கியது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக டெல்டா ஒரே தொகுதியில் இருந்தது. வாக்கில்லாதவர்கள் எத்தனை பேர் ஒரே தொகுதியில் இருந்தால் என்ன? வாக்கு வந்ததும் 1966-இல் சட்டமன்றம் டெல்டாவைக் கிழக்கு மேற்காக வெட்டித் துண்டு துண்டாக வெவ்வேறு தொகுதிகளில் சேர்த்தது. ஒவ்வொரு துண்டும் வெள்ளையர் மிகுந்த கிழக்கு மேட்டுநிலத்தோடு ஒட்டப்பட்டது. எங்கும் வெல்லும் எண்ணிக்கை கிடைக்கவில்லை. ஆற்றோரமாக நெடுக்கே திணிப்பதும் குறுக்கே வெட்டுவதும் எதிரெதிர் உத்திகள். யாரிடம் வாக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டையும் அதே நிலத்தில் செய்து பார்த்துவிட்டார்கள்.

இன்றைய தொகுதி எப்போது பிறந்தது?

1982 முதல் 1984 வரை, நீதிமன்றத்தில். 1981-இல் சட்டமன்றம் அதே குறுக்கு வெட்டு முறையில் வரைபடம் போட்டது. வாக்குரிமைச் சட்டப்படி மிசிசிப்பி எந்தத் தேர்தல் மாற்றத்துக்கும் மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டிய காலம். 1982 மார்ச்சில் நீதித்துறை அமைச்சகம் மறுத்தது. கூட்டாட்சி நீதிமன்றம் டெல்டாவைப் பெரும்பாலும் ஒன்றாக வைத்துத் தானே வரைந்தது. அதில் கருப்பினத்தவர் மக்கள்தொகையில் சுமார் 54 சதவீதம். அந்த ஆண்டுக் கோடையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தீய நோக்கத்தை நிரூபிக்க வேண்டாம், பாரபட்சமான விளைவைக் காட்டினால் போதும் என்றாக்கியது. வழக்கு திரும்பி வந்தது. 1984-இல் புதிய கோடு: 58 சதவீதம்.

54 சதவீதம் இருந்தும் தோற்றது எப்படி?

1982, 1984 இரண்டு தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ராபர்ட் கிளார்க். 1967-இல் ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். 20-ஆம் நூற்றாண்டில் அங்கே நுழைந்த முதல் கருப்பினத்தவர். எதிரே குடியரசுக் கட்சியின் வெப் ஃபிராங்க்ளின். இரண்டு முறையும் கிளார்க் நூலிழையில் தோற்றார். ஃபிராங்க்ளின் தரப்பு முழக்கம் 'அவர் நம்மில் ஒருவர்'. 'நாம்' யார் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை.

மக்கள்தொகை சதவீதத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. கருப்பினக் குடும்பங்களில் குழந்தைகள் அதிகம். ஒரு மாதிரிக் கணக்கு: 100 பேரில் 54 கருப்பினத்தவர், 46 வெள்ளையர். முன்னவரில் 40 சதவீதமும் பின்னவரில் 25 சதவீதமும் 18 வயதுக்குக் கீழ் என்று வைத்துக்கொள்வோம். வாக்களிக்கும் வயதினர் 32-க்கு 34 ஆகிவிடும். 1982 தொகுதியில் உண்மை நிலவரமும் அதுதான்: வாக்களிக்கும் வயதினரில் கருப்பினத்தவர் சுமார் 48 சதவீதம்.

1984-இல் அது ஏறக்குறைய 53 ஆனது. அப்போதும் போதவில்லை. 53 பேரில் பாதிப் பேர் வந்தால் 26 சொச்சம்; 47 பேரில் 60 சதவீதம் வந்தால் 28. இனவாரியாகவே வாக்கு விழும் இடத்தில் வாக்குச்சாவடிக்கு யார் வருகிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். வருகை குறையக் காரணங்களும் இருந்தன. நகராட்சித் தேர்தலுக்கு ஒரு பதிவு, மாநில, தேசியத் தேர்தலுக்கு வேறு இடத்தில் இன்னொரு பதிவு என்ற 1890-களின் இரட்டைப் பதிவு முறை 1980-கள் வரை உயிரோடு இருந்தது. வண்டியில்லாதவர் கவுண்டித் தலைநகருக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

1986-இல் மைக் எஸ்பி எப்படி வென்றார்?

கோடு மாறவில்லை, கணக்கு மாறியது. யாஸூ சிட்டியைச் சேர்ந்த 32 வயது வழக்கறிஞர். பண்ணை விலைகள் வீழ்ந்து விவசாயக் கடன் கழுத்தை நெரித்த ஆண்டு; ஆளுங்கட்சியான குடியரசுக் கட்சிமீது வெள்ளை விவசாயிகளுக்கே கோபம். எஸ்பி கருப்பின வாக்காளர்களைத் திரட்டிக்கொண்டு வெள்ளையர் வாக்கில் ஒரு சிறு துண்டையும் எடுத்தார். சுமார் 52 சதவீதம். நெருக்கமான போட்டியில் அந்தத் துண்டு போதும். பதவிக்கு வந்ததும் பருத்தி, கெளுத்தி மீன் பண்ணையாளர்களின் நலனைக் கையிலெடுத்தார். 1988-இல் மிக எளிதாகவே ஜெயித்தார். 1993 ஜனவரியில் அதிபர் கிளின்டன் அவரை விவசாயத்துறை அமைச்சராக்கினார். இடம் காலியானது.

1993 இடைத்தேர்தலில் முதல் சுற்றில் குடியரசுக் கட்சிக்காரர் முந்தினாரே?

ஆம். மிசிசிப்பி இடைத்தேர்தலில் உட்கட்சித் தேர்தல் கிடையாது. எல்லோரும் ஒரே சீட்டில், கட்சிப் பெயர் இல்லாமல். பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால் முதலிரண்டு பேருக்கு மறுசுற்று. குடியரசுக் கட்சி வாக்கு ஹேஸ் டென்ட் பக்கம் குவிந்தது. ஜனநாயகக் கட்சி வாக்கு பென்னி தாம்சன், கிளார்க்ஸ்டேல் மேயர் ஹென்றி எஸ்பி (மைக்கின் அண்ணன்) முதலானோரிடையே பிரிந்தது. ஏப்ரல் 13 மறுசுற்றில் தாம்சன் சுமார் 55 சதவீதத்துடன் வென்றார். இம்மாதிரித் தேர்தலின் முதல் சுற்றை வைத்துத் தொகுதி கைமாறுகிறது என்று எழுதுவது அவசரம்.

அதன் பிறகு?

சொல்ல அதிகமில்லை. தாம்சன்தான். 2006 உட்கட்சித் தேர்தலில் எஸ்பி குடும்பத்தின் அடுத்த தலைமுறையான சக் எஸ்பி மோதிப் பார்த்தார், பலிக்கவில்லை. பொதுத்தேர்தலில் தாம்சன் 2020-இல் 66, 2022-இல் 60, 2024-இல் 62 சதவீதம் பெற்றார்.

பத்தாண்டுக்கு ஒரு முறை எல்லை ஏன் நகர்கிறது?

ஒரு மாநிலத்துக்குள் எல்லாத் தொகுதிகளிலும் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும். 2020-இல் மிசிசிப்பி மக்கள்தொகை 29,61,279. நான்கால் வகுத்தால் தொகுதிக்கு 7,40,320. 2-ஆவது தொகுதியில் 65,000-க்கும் மேல் குறைந்தது. கிரீன்வில் பத்தாண்டில் 34,400-இலிருந்து 29,670. ஜாக்சன் 1,73,514-இலிருந்து 1,53,701. ஆள் போன இடத்தை நிலத்தைக் கூட்டித்தான் நிரப்ப வேண்டும்.

2022 ஜனவரியில் சட்டமான வரைபடம் தென்மேற்கு மூலையிலுள்ள ஆடம்ஸ், அமிட், ஃபிராங்க்ளின், வில்கின்சன் கவுண்டிகளைச் சேர்த்தது. தாம்சனும் கருப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யும் கேட்டது வேறு: ஜாக்சன் அமைந்த ஹைண்ட்ஸ் கவுண்டியை முழுதாகக் கொடுங்கள் என்று. சட்டமன்றம் இசையவில்லை, ஜாக்சனின் வடகிழக்குப் பகுதி 3-ஆவது தொகுதியிலேயே இருக்கிறது. விளைவு, ஒரே உறுப்பினர் டுனிக்காவுக்கும் நாச்சஸுக்கும் ஓட வேண்டியிருக்கிறது. தொகுதியில் கருப்பினத்தவர் இப்போது 60 சதவீதத்துக்குச் சற்று மேல். எங்கள் பார்வையில் 2022-இன் உண்மையான சண்டை சதவீதத்தைப் பற்றியது அல்ல, நிலப்பரப்பைப் பற்றியது.

சிறைக் கைதிகள் கணக்கில் வருகிறார்களா?

மக்கள்தொகையில் வருகிறார்கள், வாக்கில் பெரும்பாலும் வருவதில்லை. கணக்கெடுப்பு கைதியைச் சிறை இருக்கும் ஊரில் எண்ணுகிறது. சன்ஃப்ளவர் கவுண்டியின் பார்ச்மன் சிறை இந்தத் தொகுதியில்தான். கவுண்டியின் கருப்பின எண்ணிக்கையைப் பார்க்கும்போது இதைக் கழித்தே படிக்க வேண்டும்.

பழைய முடிவுகளை ஒப்பிடும்போது எதில் தவறு வரும்?

எண்ணை நம்புவதில்தான். '2-ஆவது தொகுதி' என்ற பலகை வெவ்வேறு நிலத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. 1973 முதல் 1983 வரை இதே எண்ணில் இருந்த டேவிட் பவன் பிரதிநிதித்துவப்படுத்தியது குறுக்கே வெட்டிய தொகுதியை. லிஞ்சின் தொகுதி எண் 6. எனவே முதலில் அந்த ஆண்டின் கவுண்டிப் பட்டியலை எடுங்கள். பிறகு கவுண்டிவாரி வாக்குகளைக் கூட்டுங்கள். ஹைண்ட்ஸ் மாதிரிப் பிரிந்த கவுண்டியில் வாக்குச்சாவடி அளவுக்கு இறங்காவிட்டால் கூட்டல் பிசகும். அதிபர் தேர்தல் ஆண்டையும் அது இல்லாத இடைக்கால ஆண்டையும் ஒரே கோட்டில் வைக்காதீர்கள். வருகை விழுந்தால் தாம்சனின் சதவீதமும் சறுக்குகிறது.

இந்தத் தொகுதியில் வாக்களிக்க என்ன செய்ய வேண்டும்?

தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவில் கட்சி கேட்பதில்லை. உட்கட்சித் தேர்தலில் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம், ஆனால் முதல் சுற்றில் ஒரு கட்சி, மறுசுற்றில் இன்னொரு கட்சி என்று தாவ முடியாது. சாவடியில் படம் உள்ள அடையாள அட்டை அவசியம். அட்டை மறந்தால் தற்காலிகச் சீட்டில் வாக்களித்துவிட்டு 5 வேலை நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டும். பலர் அந்த இரண்டாவது நடையைப் போவதில்லை, வாக்கு கழிந்துவிடுகிறது. எல்லோருக்குமான முன்கூட்டிய வாக்குப்பதிவு இல்லாததால் கூட்டம் ஒரே நாளில் குவிகிறது. 2023 நவம்பர் மாநிலத் தேர்தலில் ஹைண்ட்ஸ் கவுண்டியின் பல சாவடிகளில் வாக்குச் சீட்டே தீர்ந்துபோனது.

தண்டனை பெற்றவர்கள்?

1890 அரசியலமைப்பின் 241-ஆவது பிரிவு சில திருத்தங்களோடு இன்னும் அமலில் இருக்கிறது. திருட்டு, ஏமாற்றிப் பணம் பெறுதல், பொய்ச்சான்று போன்ற குற்றங்களுக்குத் தண்டனை முடிந்த பிறகும் வாக்கு திரும்பாது. 2024 ஜூலையில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை நிலைநிறுத்தியது. வாக்குரிமை வேண்டுமென்றால் ஆளுநர் மன்னிப்பு வழங்க வேண்டும். அல்லது அந்த ஒருவருக்காகத் தனி மசோதா கொண்டுவந்து, மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்ற வேண்டும்.